தபிதா கொடுத்த பாக்கு

“யாரு... யாரு இதைப் பண்ணது?”

தபிதா டீச்சரின் குரல் கேட்டதும் முப்பது பிள்ளைகளும் சுண்ணாம்புக் கையோடு அப்படியே நின்றார்கள்.

நாளை மறுநாள் கல்வி அதிகாரி படகில் வருகிறார். அதற்காகக் காலையிலிருந்து பள்ளிக்கூட வாசலில் வரிசையாகக் கிடந்த பவளக்கற்களுக்கெல்லாம் வெள்ளையடித்து முடித்திருந்தார்கள். அந்தத் தீவின் லொசுயா ஊரிலேயே இத்தனை வெள்ளையாக வேறு எதுவும் இல்லை. அந்த வரிசையில் மூன்றாவது கல்லின் தலையில்... ஒரு வாய் நிறைய பாக்கு எச்சில். சிவப்பாக, கொழகொழவென்று, இப்போதுதான் துப்பிய சூட்டோடு வழிந்துகொண்டிருந்தது.

முப்பது சுண்ணாம்பு விரல்களும் ஒரே திசையில் நீண்டன.

சீமைப்பலா மரத்தடியில் ஒருவன். தோளில் கருவிப் பை, வெற்றுக் கால், எண்ணெய்க் கறை படிந்த சட்டை. வாயை இறுக்கி மூடியிருந்தான். ஆனால் உதட்டு ஓரத்துச் சிவப்பு அவனைக் காட்டிக் கொடுத்துவிட்டது.

“நான்தான்... கல்லுன்னு நெனச்சேன்.”

“கல்லுதான். கல்லுன்னா துப்பிடுவியா?”

“இல்ல டீச்சர்... போன வாரம் வரைக்கும் இது கறுப்பாத்தான் கெடந்துச்சு. நான் எப்பவும் இந்தப் பக்கம் போறப்ப இதுலதான்...”

“எப்பவுமா!”

பிள்ளைகள் களுக்கென்று சிரித்தார்கள். தபிதா திரும்பிப் பார்த்தாள். சிரிப்பு நின்றது.

“அந்தப் பலகையில என்ன எழுதியிருக்கு? படிக்கத் தெரியுமா, இல்ல இவங்களைப் படிச்சுக் காட்டச் சொல்லட்டுமா?”

அவன் பதில் சொல்வதற்குள் முப்பது பேரும் ஒரே குரலில் கத்தினார்கள். “இங்கே பாக்கு போடக் கூடாது!”

அவன் முகம் வாயைவிடச் சிவந்துபோனது. இடுப்பில் தொங்கிய சுண்ணாம்புக் குடுக்கையை எடுத்தான். மூடியைத் திறந்து, வாய்க்குப் போகவேண்டிய சுண்ணாம்பை உள்ளங்கையில் கொட்டி, குழாயில் இரண்டு சொட்டுத் தண்ணீர் பிடித்துக் குழைத்து, குனிந்து, அந்தக் கல்லுக்குத் தன் விரலாலேயே வெள்ளையடிக்க ஆரம்பித்தான்.

பள்ளிக்கூடமே வாயைப் பிளந்து பார்த்தது. ஒரு ஆண்பிள்ளை தன் குடுக்கையை ஒரு கல்லுக்காகக் காலி செய்வதை இந்தத் தீவில் யாரும் பார்த்ததில்லை.

அடித்து முடித்து அவன் நிமிர்ந்தான். அந்த நேரம் பார்த்து மழை கொட்டியது!

எல்லாரும் தாழ்வாரத்துக்கு ஓடினார்கள். அவன் மட்டும் ஓடவில்லை. காலையிலிருந்து அடித்த அத்தனை வெள்ளையும் கண்ணெதிரே கரைந்து, பால் போல வாசலில் ஓடியது. கற்கள் பழையபடி கறுத்தன. மூன்றாவது கல்லில் மட்டும் ஒரு ரோஜா நிறத் திட்டு போகாமல் நின்றது. அவன் அதைப் பார்த்தான். பிறகு தாழ்வாரத்தில் நின்ற அவளைப் பார்த்தான். உதடு சிரிக்கவில்லை... கண்கள் சிரித்தன. மழைத் தண்ணீர் இமை ரோமத்தில் தொங்க, அகலமான, கபடமில்லாத கண்கள்.

மழையில் நனைந்து நிற்கிறவனைப் பார்க்கக் கூடாது என்று எந்தப் பலகையிலும் எழுதி வைக்கவில்லைதான். இருந்தாலும் தபிதா அவசரமாக முகத்தைத் திருப்பிக்கொண்டாள். முப்பது பிள்ளைகளுக்கு நடுவில் நின்றுகொண்டு இப்படியா பார்ப்பது... சீ!

அவன் பெயர் காலேப். கடலோர ஊர்க்காரன். படகு எஞ்சின் ரிப்பேர் செய்கிறவன். பள்ளிக்கூட ஜெனரேட்டர் நின்றுபோய் இரண்டு மாதமாகிறது என்று தலைமையாசிரியர்தான் அவனை வரச் சொல்லியிருந்தார். உதிரிப் பாகம் அலோடா நகரத்திலிருந்து கப்பலில் வரவேண்டும். அதுவரை பிரித்துப் போட்டுத் துடைக்கிறேன் என்று தினமும் வந்தான்.

தினமும் வந்தான். தினமும் வாசலில் அவளைத் தாண்டிப் போகும்போது நின்று, இரண்டு கையையும் விரித்துக் காட்டுவான்.

“துப்பலை டீச்சர்.”

அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு வார்த்தை கூட இல்லை, ஒரு பார்வை கூட இல்லை. நேராக ஜெனரேட்டர் கொட்டகைக்குப் போய்விடுவான்.

முதல் நாள் அவளுக்குச் சிரிப்பு வந்தது. மூன்றாம் நாள் கோபம் வந்தது. ஐந்தாம் நாள், அவன் வருகிற நேரத்துக்கு வாசலில் இருக்கவேண்டும் என்பதற்காகவே பிள்ளைகளை வெளியே உட்கார வைத்துப் பாடம் நடத்துகிறோம் என்று அவளுக்கே புரிந்தபோது... வெட்கமாக இருந்தது. சும்மா வெட்கமில்லை. முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாத அவமானம்.

ஏன் அவமானம் என்றால், தபிதாவுக்கு ஒரு பழைய கதை இருக்கிறது. ஊருக்கே தெரிந்த கதை.

இந்தத் தீவில் கல்யாணத்துக்கு மேளமும் கிடையாது, மோதிரமும் கிடையாது. பெண் ஒரு இரவு தனக்குப் பிடித்தவன் வீட்டில் தங்குவாள். மற்ற நாளென்றால் விடிவதற்கு முன்பே எழுந்து தன் வீட்டுக்குப் போய்விடவேண்டும். கல்யாணத்தன்று போகமாட்டாள். விடிந்த பிறகும் இருப்பாள். அவன் பக்கத்தில் வீட்டு முகப்பில், ஊர் பார்க்க உட்காருவாள். அவன் அம்மா வேகவைத்த கிழங்கைத் தட்டில் கொண்டுவந்து இருவருக்கும் நடுவில் வைப்பாள். இரண்டு பேரும் சேர்ந்து சாப்பிட்டால் முடிந்தது, புருஷன் பெண்டாட்டி. அதற்கு முன்னால் ஆணும் பெண்ணும் சேர்ந்து என்ன வேண்டுமானாலும் செய்யட்டும், சேர்ந்து சாப்பிட மட்டும் கூடாது. பாக்கு சாப்பாட்டில் சேர்த்தி இல்லை. அதனால்தான் இங்கே காதல் எல்லாம் பாக்கிலேயே நடக்கிறது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் தபிதா அப்படி ஒரு முகப்பில் உட்கார்ந்தாள். துறைமுக ஆபீஸ் குமாஸ்தா ஒருவனுடைய வீடு. விடிந்தது. சூரியன் தென்னைக்கு மேலே ஏறியது. சமையல் குடிசையில் புகையே இல்லை. அவன் “அம்மாவைப் பார்த்துட்டு வரேன்” என்று எழுந்து போனான், திரும்பி வரவில்லை. உச்சி வெயில் வரைக்கும் அவள் உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து, பட்டப்பகலில், மூன்று ஊர் நடுவே நடந்து வீட்டுக்கு வந்தாள். கிணற்றடியில் பேச்சு நின்றது. யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

அன்றிலிருந்து அவள் நாக்குக் கூர்மையாகிவிட்டது. ஆம்பளை யாராவது கொஞ்சம் நின்று பேசினால் வெடுக்கென்று ஏதாவது சொல்லிவிடுவாள். அவனும் போய்விடுவான். பிறகு சாயங்காலம் தனியாக உட்கார்ந்து, தன் பாக்கைத் தானே கடித்து, தன் சுண்ணாம்பைத் தானே தொட்டு நக்கிக்கொண்டிருப்பாள். ஆமாம், பள்ளிக்கூடம் விட்டதும் அவளுக்கும் முதல் வேலை அதுதான்.

ஆறாம் நாள் தலைமையாசிரியர் சொன்னார், “கப்பல் வந்திடுச்சு. நாளைக்கு வேலை முடிஞ்சிடும், காலேப் கணக்குத் தீர்த்துட்டுப் போயிடுவான்.”

அன்று சாயங்காலம் தபிதா செய்த காரியத்தை இன்றைக்கு நினைத்தாலும் அவளுக்குக் காது மடல் சுடும்.

அவள் அப்பாவின் தங்கை நவோமி அத்தை இரண்டு ஊர் தள்ளி இருக்கிறாள். ஆளை மயக்குகிற மந்திரம் தெரிந்தவள். வகுப்பில் பிள்ளைகளிடம் “பாக்குல மந்திரம் போடறதெல்லாம் சும்மா கதை, நம்பாதீங்க” என்று கரும்பலகையில் எழுதாத குறையாகச் சொல்லிக் கொடுக்கிற தபிதா டீச்சர், அந்தி சாய்கிற நேரத்தில் மந்திரத்துக்குக் கூலியாக ஒரு புத்தம் புது அலுமினியப் பாத்திரத்தைத் துணியில் மறைத்துக்கொண்டு அத்தை வீட்டுக்குப் போனாள்.

அத்தை பாத்திரத்தைத் தட்டிப் பார்த்தாள். “நல்ல கனமாத்தான் இருக்கு. யாருடி அவன்?”

“யாரும் இல்ல அத்தை...”

“யாரும் இல்லாதவனுக்கா இவ்வளவு பெரிய சட்டி?”

தபிதா தரையைப் பார்த்தாள்.

“சரி, சொல்ல வேணாம். இப்படி வா. நல்ல பச்சைப் பாக்கா பார்த்து எடு. உதட்டுல படற மாதிரி வெச்சுக்கிட்டுச் சொல்லணும். சொன்ன சொல்லு காத்துல போயிடக் கூடாது, பாக்குக்குள்ள எறங்கணும். மூணு தடவை. நடுவுல மறந்தா முதல்லேருந்து. அப்புறம் உன் கையால அவன் கையில குடு. அவன் வாய்க்குள்ள போய் மென்னுட்டான்னா அவ்வளவுதான்... ராத்திரி தூங்கமாட்டான்.”

அத்தை காதோடு காதாகச் சொன்ன வார்த்தைகளை முணுமுணுத்தபடியே அவள் வீடு வந்து சேர்ந்தாள். வழியில் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

மறுநாள் மத்தியானம் ஜெனரேட்டர் உறுமியது. பிள்ளைகள் கைதட்டிவிட்டு, பள்ளி விட்டு வீட்டுக்குக் கிளம்பினார்கள். மழை தூறிக்கொண்டிருந்தது. காலேப் கருவிப் பையைக் கட்டிக்கொண்டு சீமைப்பலா மரத்தடியில் மழை விடட்டும் என்று நின்றான். தபிதா தாழ்வாரத்திலிருந்து இறங்கினாள். மரத்துக்கு இந்தப் பக்கம் அவனுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு... பாக்கை உதட்டருகில் வைத்துச் சொன்னாள். இரண்டாவது தடவையில் ஒரு வரி மறந்து போயிற்று. ஐயோ! மறுபடியும் முதலிலிருந்து. தலையில் தட்டிக்கொண்டு ஆரம்பித்தாள்.

பிறகு திரும்பி அவனிடம் போனாள்.

“இந்தா.”

“என்னது டீச்சர்... இங்க பாக்கு போடக் கூடாதுன்னு...”

“பள்ளிக்கூடம் விட்டாச்சு. வாங்கிக்கோ.”

காலேப் வாங்கினான். கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தான். அவளைப் பார்த்தான். பல்லால் மட்டையை உரித்து, பாக்கை வாயில் போட்டு மென்றான். இங்கே வெற்றிலைக்குப் பதிலாகப் போடுகிற கொடிக்காயைக் கடித்தான், குச்சியால் சுண்ணாம்பைத் தொட்டு நக்கினான். வாய் சிவந்தது. அவளுக்கு அதைப் பார்க்கச் சக்தியில்லை, தலையைக் குனிந்துகொண்டாள். ‘முடிஞ்சு போச்சு... நான் ஒரு மனுஷனைத் திருடிட்டேன்’ என்று மனசுக்குள் ஓடியது.

மறுநாள் காலை அவன் வந்து நின்றான். ஜெனரேட்டர் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

“எஞ்சின் சத்தம் சரியா வருதான்னு பார்க்க வந்தேன்.”

“சரியாத்தான் வருது.”

“டீச்சர் சத்தம்?”

அவள் வெடுக்கென்று ஏதோ சொல்ல வாயெடுத்தாள். சிரிப்பு வந்துவிட்டது.

அதற்குப் பிறகு தினமும்தான். சாயங்காலம் பள்ளி விட்டால் கடற்கரை வழியாக இரண்டு பேரும் நடப்பார்கள். அவன் பாக்கை உரித்துக் கொடுப்பான், அவள் தன் குடுக்கையை நீட்டுவாள். ஒரே குச்சி, ஒரே சுண்ணாம்பு. அவன் எச்சில் துப்பும்போதெல்லாம் நின்று, சுற்றிலும் தேடி, “வெள்ளைக் கல்லு ஏதும் இல்லையே?” என்று கேட்டுவிட்டுத் துப்புவான். அவள் அவன் முதுகில் அடிப்பாள்.

“தபி...”

“யாரு தபி? டீச்சர்னு கூப்பிடு.”

“டீச்சரைப் பார்த்தா பயமா இருக்கு. தபியைப் பார்த்தா...”

“பார்த்தா?”

“தூக்கம் வரமாட்டேங்குது.”

வேறு எந்தப் பெண்ணாயிருந்தாலும் இந்த இடத்தில் உருகிப் போயிருப்பாள். தபிதா ஓரடி விலகி நடந்தாள். ராத்திரி தூங்கமாட்டான் என்று அத்தை சொன்ன அதே வார்த்தை! இவன் பேசவில்லை, அத்தையின் மந்திரம் இவன் வாய்க்குள் உட்கார்ந்துகொண்டு பேசுகிறது. அவன் அவள் கூந்தலில் பூ வைத்தால், வைப்பது பாக்கு. அவளுக்காக மழையில் காத்து நின்றால், நிற்பது பாக்கு. ஒவ்வொரு அன்பான சொல்லும் இனித்துவிட்டு, அடுத்த நொடியே உறுத்தியது. பிள்ளைகளின் முகத்தைக்கூட நேராகப் பார்க்க முடியவில்லை. ஒரு நாள் வகுப்பில் ஒரு பெண், “டீச்சர், பாக்கு மந்திரம் நெசமாவே பொய்யா?” என்று கேட்டாள். தபிதா கணக்குப் புத்தகத்தைத் திறக்கச் சொல்லிவிட்டாள்.

பொறுக்கமுடியாமல் மறுபடியும் அத்தையிடம் ஓடினாள்.

“அவிழ்த்துடு அத்தை.”

“எதை?”

“அந்த மந்திரத்தை. எனக்கு வேணாம்.”

அத்தை அந்தப் புதுப் பாத்திரத்தில்தான் கீரை கிண்டிக்கொண்டிருந்தாள். அகப்பையைக் கீழே வைத்துவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

“அவிழ்க்கலாம். அவிழ்த்தா அவன் தூங்கி எழுந்து, இந்தப் பொம்பளை பின்னாடியா சுத்தினோம்னு காறித் துப்பிட்டுப் போயிடுவான். பரவாயில்லையா?”

காறித் துப்பிவிட்டு... தபிதாவின் கண்முன் மறுபடியும் அந்த முகப்பு வந்தது. உச்சி வெயில். கிணற்றடியில் நின்றுபோன பேச்சு.

“...வேணாம் அத்தை.”

“அதானே பார்த்தேன். சட்டியைத் திருப்பித் தரமாட்டேன், சொல்லிட்டேன்.”

ஆசையில் அவசரப்பட்டுச் செய்தது ஒன்று. தெரிந்தே, அவிழ்க்கவும் மனமில்லாமல் வைத்துக்கொண்டிருப்பது இன்னொன்று. வீடு திரும்பும் வழியெல்லாம் தபிதா அழுதாள். மழை பெய்ததால் யாருக்கும் தெரியவில்லை.

அந்த வாரக் கடைசியில்தான் காலேப் கேட்டான். படகுத் துறையில் உட்கார்ந்திருந்தார்கள். அவன் அவள் முகத்தைப் பார்க்காமல், கடலைப் பார்த்துக்கொண்டு, குச்சியால் குடுக்கையின் விளிம்பைத் தட்டிக்கொண்டே கேட்டான்.

“வெள்ளிக்கிழமை எங்க வீட்டுக்கு வா. வந்து... விடிஞ்சப்புறமும் இரு.”

அவள் கையிலிருந்த பாக்கைக் கீழே வைத்தாள்.

“உங்க அம்மா...”

“அம்மா கிழங்கு எடுத்து வெச்சாச்சு. உன் கதை அம்மாவுக்குத் தெரியும். விறகைக்கூட நாலு நாள் முன்னாடியே காய வெச்சுட்டாங்க, மழை வந்து கெடுத்துடுமேன்னு.”

சொல்லிவிடு... இப்போதே சொல்லிவிடு என்று மனசு அடித்துக்கொண்டது. அவள் வாயைத் திறந்தாள்.

“வரேன்” என்று மட்டும்தான் வந்தது.

சனிக்கிழமை. விடிந்துவிட்டது.

இரவெல்லாம் பெய்த மழை விட்டிருந்தது. தபிதா காலேப்பின் பக்கத்தில் முகப்பில் உட்கார்ந்திருந்தாள். பயந்தபடி ஒன்றும் நடக்கவில்லை. சமையல் குடிசையிலிருந்து புகை வந்துகொண்டே இருந்தது. கிழங்கு வேகும் வாசனை தெருமுனை வரை போயிற்று. எதிர்வீட்டுக்காரி பெருக்கிய இடத்தையே மூன்றாவது முறையாகப் பெருக்கினாள். வலை பின்ன உட்கார்ந்த இரண்டு பேர் வலையைப் பார்க்காமல் இங்கேயே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லார் முகத்திலும் ஒரு சந்தோஷச் சிரிப்பு.

அந்தச் சிரிப்பைத்தான் அவளால் தாங்கமுடியவில்லை. கிழங்கு வராத அன்றைக்குக்கூட இப்படிக் கூனிக்குறுகவில்லை. அன்று அவள் ஏமாந்தவள். இன்று ஏமாற்றுகிறவள். இன்னும் கொஞ்ச நேரத்தில் அந்த அம்மாள் தட்டோடு வருவாள். ஒரு துண்டு கிழங்கு வாய்க்குள் போய்விட்டால், ஆயுசுக்கும் இந்த மனுஷன் தன்னுடையது இல்லாத ஒரு ஆசையைச் சுமந்துகொண்டு கூடவே இருப்பான்.

“காலேப்... கிழங்கு வர்றதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும்.”

“வந்தப்புறம் சொல்லேன். பசிக்குது.”

“வந்தப்புறம் சொன்னா அது திருட்டு.”

அவன் திரும்பிப் பார்த்தான். அவள் பார்க்கவில்லை. கால் கட்டைவிரலால் பலகையைக் கீறிக்கொண்டே, எதிர்வீட்டுக்குக் கேட்காத குரலில் சொன்னாள்.

“அந்தப் பாக்கு... சீமைப்பலா மரத்தடியில குடுத்தேனே... அது சும்மா பாக்கு இல்ல. எங்க அத்தைகிட்ட மந்திரம் வாங்கி, அதுல சொல்லித்தான் குடுத்தேன். நீ தூங்காதது, தினம் வந்து நிக்கறது, இதோ இந்தக் கிழங்கு... எதுவும் உன்னோடது இல்ல. நான் பண்ணது. அவிழ்த்துடலாம்னு போனேன்... நீ போயிடுவியோன்னு பயந்து வந்துட்டேன். அவ்வளவு கேவலமானவ நான். உங்க அம்மாகிட்ட கிழங்கை எடுத்துட்டு வர வேணாம்னு சொல்லிடு. நான் கெளம்பறேன்.”

எழுந்தும் விட்டாள். வெயில் முற்றத்தில் விழுந்திருந்தது. மறுபடியும் பட்டப்பகல், மறுபடியும் அதே மூன்று ஊர். போகட்டும், இந்த முறை அவளாகவே நடந்து போகிறாள்.

“தெரியும்” என்றான் காலேப்.

இறங்கப்போன கால் அப்படியே நின்றது.

“என்ன... தெரியும்?”

“பார்த்தேனே. முதுகைக் காட்டிக்கிட்டு நின்ன. தோள் ஏறி ஏறி எறங்குச்சு. நடுவுல ஒரு எடத்துல அப்படியே நின்னுட்ட, அப்புறம் தலையில தட்டிக்கிட்டு முதல்லேருந்து ஆரம்பிச்ச. மறந்துபோச்சா?”

தபிதாவுக்குப் பூமி பிளந்து விழுங்கினால் தேவலை என்றிருந்தது. இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

“தெரிஞ்சா... தெரிஞ்சுமா வாங்கின?”

“ம்.”

“ஏன் மென்ன? தூக்கிப் போட்டிருக்கலாமே!”

“போடலாம்தான். எனக்கு மீசை முளைக்கறதுக்கு முன்னாடியே எங்கம்மா சொல்லிக் குடுத்திருக்காங்க... பொண்ணு முணுமுணுத்துட்டுக் குடுக்கற பாக்கை வாங்கிப் பையில போட்டுக்கோ, வளைவு தாண்டினதும் புதர்ல வீசிடுன்னு. நாலு பாக்கு அப்படி வீசியிருக்கேன்.”

“நாலா!” அந்த நிலையிலும் அவளுக்குச் சுருக்கென்றது.

“ஒண்ணை வீசலை.”

“அது... அதுதான் மந்திரம். அதான் உன்னை வீச விடலை.”

காலேப் எழுந்து அவளுக்கு எதிரே வந்து நின்றான். அவனுக்கும் முகம் சிவந்திருந்தது, பாக்கு போடாமலே.

“உங்க அத்தை என்ன சொன்னாங்க? எப்பப் புடிக்கும்னாங்க?”

“வாய்க்குள்ள போய் மென்னதும்...”

“நான் எப்ப முடிவு பண்ணேன்? கையில இருக்கறப்ப. மந்திரம் இன்னும் வெளியதான் இருந்துச்சு தபி. அப்ப என் வாயைத் தெறந்தது யாரு? உங்க அத்தையா?”

அவள் கையை முகத்திலிருந்து எடுத்தாள்.

“ஆறு நாள் உன்னை நிமிர்ந்து பார்க்கலைன்னு நெனச்சியா... பார்க்க வெட்கமா இருந்துச்சு. கல்லு மேல துப்பினவன்னுதானே உனக்கு என்னைத் தெரியும். அவ்வளவு பேர் முன்னாடி என் மானம் சிரிப்பா சிரிச்சப்புறம் எந்த மூஞ்சியோட வந்து பேசறது? துப்பலை டீச்சர்னு சொல்றதுக்கே வழியெல்லாம் ஒத்திகை பார்த்துட்டு வருவேன். அப்படிப்பட்டவனுக்காக நீ மரத்தடியில நின்னு மந்திரம் சொல்ற... வரி மறக்குது... எனக்கு அது எப்படி இருந்துச்சு தெரியுமா? பாக்குல ஒண்ணும் இல்லாட்டிக்கூட அன்னிக்கு ராத்திரி தூங்கியிருக்கமாட்டேன்.”

அவள் அழுதாள். இந்த முறை மழை இல்லை, எல்லாருக்கும் தெரிந்தது. எதிர்வீட்டுத் துடைப்பம் நின்றது.

“என்னடா இது, காலங்காத்தால பொண்ணை அழ வெச்சுட்ட?” காலேப்பின் அம்மா தட்டோடு வந்து நின்றாள். கிழங்கிலிருந்து ஆவி பறந்துகொண்டிருந்தது. “வெக்கலாமா, வேணாமா? கை சுடுது.”

“ஒரு நிமிஷம்மா.” அவன் தபிதாவை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. “மந்திரத்துல என்ன சொன்னியோ, எனக்கு ஒரு வார்த்தையும் கேக்கலை. அது உங்க அத்தையோட வார்த்தை, எனக்கு வேணவே வேணாம். நீ சொல்லணும்னு நெனச்சது என்ன? அதைச் சொல்லு. உன் வார்த்தையில.”

“இங்கயா? எல்லாரும்...”

“இங்கதான்.”

அவள் சுற்றிலும் பார்த்தாள். துடைப்பக்காரி, வலைக்காரர்கள், தட்டோடு நிற்கிற அம்மாள்... இதைச் சொல்ல முடியாமல்தான் ஒரு சட்டியைக் கொடுத்து வேறொருத்தியின் சொல்லை வாங்கினாள் என்பது அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. வெட்கம் காதுவரை ஏறியது. ஏறட்டும்.

“எனக்கு உன்னைப் பிடிச்சிருக்கு, காலேப்.”

மெல்லத்தான் சொல்ல நினைத்தாள். எதிர்வீடுவரை கேட்டுவிட்டது. உடம்பெல்லாம் வியர்த்துப் போயிற்று. மூன்று தடவை சொல்லவேண்டிய மந்திரத்தைவிட எவ்வளவு சின்னது... நாலே வார்த்தை. ஒன்றுகூட மறக்கவில்லை.

காலேப்பின் கண்கள் நிறைந்து நின்றன. அம்மாள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தட்டை இருவருக்கும் நடுவில் வைத்தாள்.

தபிதா உட்கார்ந்தாள். தலையை நிமிர்த்தினாள். ஊரே பார்த்துக்கொண்டிருக்க, அவன் கை நீள்வதற்கு முன்பே, முதல் துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.